நாம் கட்டப்போகும் இல்லத்தில் யாரிடம் முறையிடுவது?

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு விழாவையொட்டி ஹாலிஎலவில் நடைபெற்ற ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் தங்கச்சி என்னைத் தொலைபேசியில் அழைத்து, "பழைய நினைவுகளைப் பற்றி இருபது நிமிடம் பேசுங்கள் அக்கா" என்றார். நினைவுகளுக்குப் பஞ்சமில்லை. தெமோதரைப் பக்கமிருந்து ரயிலில் வரும் பிள்ளைகள், ரயில் தாமதமான நாட்களில் காலைப் பிரார்த்தனைக்குத் தப்பியதையும், தாமதமாகாத நாட்களிலும் தாமதம் என்று சொல்லித் தப்பியதையும் பற்றியே இருபது நிமிடம் பேசலாம். ஆனால் வேறு ஒரு விஷயம் பேச அனுமதி கேட்டேன். மண்டப வாசலில் ஒட்டியிருக்கும் அந்தக் கட்டட வரைபடத்தைப் பற்றி.

நூற்றாண்டு நினைவாக நம் சங்கம் ஒரு முதியோர் இல்லம் கட்டப்போகிறது. இருபத்து நான்கு கட்டில்கள். டொரன்டோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் மெல்பேர்னிலிருந்தும் பணம் வந்திருக்கிறது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போய்க் கோத்தகிரியில் குடியேறிய ஓர் அக்காகூட, தன் ஓய்வூதியத்திலிருந்து ஒரு தொகை அனுப்பியிருக்கிறார். அந்தக் காசோலையைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

இல்லம் தேவை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2012ஆம் ஆண்டு குடிசன மதிப்பீட்டிலேயே இந்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் நூற்றுக்கு 12.4 பேர். அதற்குப் பிறகு அந்தத் தொகை கூடிக்கொண்டேதான் போகிறது. நம் தோட்டங்களில் என்ன நடக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மகன் கொழும்பில் கடையில் நிற்கிறான், மகள் வளைகுடா நாட்டில் இருக்கிறாள், பேரப்பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய கிழவி லயத்து அறையில் தனியாக இருக்கிறாள். கொழுந்துக்கூடை சுமந்த முதுகு நிமிராது. ஊழியர் சேமலாப நிதிப் பணம் வந்த வருடமே மகளின் கல்யாணத்துக்கோ மகனின் ஏஜென்சிக் காசுக்கோ போயிருக்கும்.

ஆகவே கட்டுங்கள். ஆனால் அத்திவாரக்கல் நாட்டுவதற்கு முன்னால் ஒரு கேள்விக்கு நாம் பதில் சொல்லியாக வேண்டும். அந்த இல்லத்தில் இருக்கப்போகும் ஒருத்திக்கு ஒரு குறை வந்தால், அவள் அதை யாரிடம் சொல்வாள்?

"மேட்ரனிடம் சொல்வாள்" என்பீர்கள். நான் மேட்ரனாக இருந்தவள். அதனால்தான் சொல்கிறேன், சொல்ல மாட்டாள்.

அரசாங்க ஆஸ்பத்திரிகளில் முப்பத்து மூன்று வருடம் தாதியாக வேலைசெய்து ஓய்வு பெற்ற பிறகு, நான்கு வருடம் ஒரு முதியோர் இல்லத்தில் மேட்ரனாக இருந்தேன். எந்த ஊர், எந்த இல்லம் என்று சொல்ல மாட்டேன். நல்ல இல்லம்தான். சுத்தமாக இருக்கும், சாப்பாட்டில் குறை வைக்க மாட்டோம். அங்கே எழுபத்தெட்டு வயதில் ஓர் அம்மா இருந்தார். தோட்டத்தில் நாற்பது வருடம் பெயர் பதிந்து கொழுந்து பறித்தவர். கலகலப்பான மனுஷி. ஆனால் பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார். தேத்தண்ணி கொடுத்தால் "வேணாம் தாயி" என்று தள்ளிவிடுவார். தேயிலையிலேயே பிறந்து வளர்ந்தவர் தேத்தண்ணியை வேண்டாம் என்கிறாரே என்று நாங்கள் சிரித்தோம். பிடிவாதம் என்று குறிப்பேட்டில் எழுதினோம். அந்தக் கையெழுத்து என்னுடையது.

மூன்று மாதத்தில் அவருக்குச் சிறுநீர்த் தொற்று வந்து காய்ச்சல் ஏறியது. ஆள் தடுமாறினார். செத்துப்போன புருஷனைக் கூப்பிட்டார். வயது போனால் அறிவு மங்குகிறது என்று நினைத்தோம். பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பி, மருந்து கொடுத்து, ஆள் தேறித் திரும்பினார். திரும்பி வந்தும் நான்கு மணிக்குப் பிறகு தண்ணீர் குடிக்கவில்லை.

அப்போது பக்கத்துப் பாடசாலையிலிருந்து ஓர் இளம் ஆசிரியை ஞாயிறு தோறும் வருவாள். கண் தெரியாத ஒருவருக்குப் பத்திரிகை வாசிப்பதற்காக வருகிறவள். பக்கத்துக் கட்டிலில் இருந்த இந்த அம்மாவோடும் பேச்சுக் கொடுப்பாள். ஒருநாள் என் அறைக்கு வந்து, "மேடம், அந்த அம்மா தண்ணி குடிக்காததுக்கு ஒரு காரணம் இருக்கு, அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் சொல்றேன்" என்றாள். இரவில் பெட்பேன் கேட்டால் வேலைக்கு நிற்கும் பெண் ஏசுகிறாள். "கெழடுங்களுக்கு வேற வேல இல்ல" என்கிறாள். ஒரு தடவை கேட்டும் வராததால் படுக்கை நனைந்துவிட்டது. மறுநாள் காலையில் எல்லோருக்கும் கேட்கும்படி திட்டு. அன்றிலிருந்து அந்த அம்மா தனக்குத் தானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்துக்கொண்டார். குடித்தால்தானே போக வேண்டும்.

அக்காமாரே, தங்கைமாரே, அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது வெட்கமில்லை. கோபம். அந்தச் சின்னப் பெண்ணின் மேல் கோபம். பத்திரிகை வாசிக்க வந்தவளுக்கு என் இல்லத்தில் என்ன வேலை என்றுதான் நினைத்தேன். வாயாலும் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. தினமும் காலையிலும் மாலையிலும் அந்தக் கட்டிலண்டை நின்று "சுகமா இருக்கீங்களா?" என்று கேட்டவள் நான். தினமும் "ஒரு கொறையும் இல்ல தாயி" என்று பதில் சொன்னவர் அவர். என்னிடம் சொன்னால் நான் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு ஏசுவேன், நான் வீட்டுக்குப் போன பிறகு இராத்திரி முழுக்க அவளோடு இருக்கப்போகிறவர் யார்? அந்தக் கணக்கை அவர் சரியாகத்தான் போட்டிருந்தார்.

கதை அதோடு முடியவில்லை. ஏசிய பெண்ணைக் கூப்பிட்டு விசாரித்தேன். அவளும் ஒரு தோட்டத்துப் பிள்ளைதான். இருபத்திரண்டு பேருக்கு இரவில் அவள் ஒருத்தி. இரண்டு பேரைத் தூக்கும்போது மூன்றாமவர் கூப்பிடுவார். இரவுக்கு இன்னொரு ஆள் வேண்டும் என்று நான் நிருவாக சபைக்கு மூன்று தடவை எழுதியிருந்தேன். "பார்ப்போம்" என்ற பதிலோடு மூன்று கடிதமும் கோவைக்குள் போயின. அந்த ஆசிரியை, அம்மாவின் சம்மதத்தோடு, பெயரைச் சொல்லாமல் சபைத் தலைவருக்கு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதினாள். அடுத்த மாதம் இரண்டாவது ஆள் வந்தது. வெளியே இருந்து ஒருத்தி எழுதியதும் நகர்ந்தது, உள்ளே இருந்து நான் எழுதியபோது நகரவில்லை. அன்றுதான் அவள் என் எதிரி இல்லை என்று புரிந்தது.

அந்த ஆசிரியை செய்த வேலைக்கு உலகத்தில் ஒரு பெயர் இருக்கிறது. ஒம்புட்ஸ்மன். 1809இல் சுவீடன் நாட்டில், அரசாங்க அதிகாரிகளுக்கு எதிரான மக்களின் முறைப்பாடுகளை விசாரிக்கப் பாராளுமன்றம் நியமித்த பதவி அது. பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. முதியோர் இல்லங்களுக்கென்றே தனியாக அதை ஏற்படுத்தியது அமெரிக்கா. அங்கே 1960களில் தனியார் பராமரிப்பு இல்லங்கள் பெருகி, உள்ளே நடந்த கொடுமைகள் வெளியே வரத் தொடங்கின. 1972இல் சில மாநிலங்களில் பரீட்சார்த்தமாகத் தொடங்கினார்கள். 1978இல் ஒவ்வொரு மாநிலத்திலும் இருக்கவே வேண்டும் என்று சட்டமாக்கினார்கள். இல்லத்தில் இருப்பவரைப் பார்க்க ஒம்புட்ஸ்மன் வந்தால் தடுக்கக்கூடாது என்பதை 1987ஆம் ஆண்டுச் சட்டம் உறுதிப்படுத்தியது. இன்று அங்கே இந்த வேலையைச் சம்பளத்துக்குச் செய்பவர்களோடு, பயிற்சி பெற்ற ஆயிரக்கணக்கான தொண்டர்களும் செய்கிறார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியைகள், தாதிகள், நம்மைப் போன்றவர்கள்.

டொரன்டோவில் இருப்பவர்களுக்கு இன்னொன்று தெரிந்திருக்கும். ஒன்டாரியோவில் 2016இல் நோயாளர் ஒம்புட்ஸ்மன் அலுவலகம் வேலையைத் தொடங்கியது. ஆஸ்பத்திரிகளைப் பற்றி மட்டுமல்லாமல் நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களைப் பற்றியும் அங்கே முறையிடலாம். மெல்பேர்ன் தங்கைமாருக்கு 2019இல் அங்கே முதியோர் பராமரிப்பை ஆராய்ந்த அரச ஆணைக்குழுவின் இடைக்கால அறிக்கை நினைவிருக்கும். அதற்கு வைத்த தலைப்பே ஒற்றைச் சொல். புறக்கணிப்பு. பணமும் சட்டமும் பரிசோதகர்களும் உள்ள நாட்டில் அந்த நிலைமை என்றால் நாம் எம்மாத்திரம்?

நம் நாட்டில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகளைப் பாதுகாத்தல் சட்டம் இருக்கிறது. தேசிய முதியோர் சபையும் தேசிய முதியோர் செயலகமும் அந்தச் சட்டத்தால் வந்தவை. பிள்ளைகள் பெற்றோரைப் புறக்கணிக்கக்கூடாது என்று அது சொல்கிறது. தன்னைத் தானே பராமரிக்க முடியாத பெற்றோர், பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புச் செலவு கேட்டு விண்ணப்பிக்க ஒரு சபையும் உண்டு. முதியோர் இல்லங்கள் பதிவு செய்யப்பட வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. நம் இல்லத்தையும் பதிவு செய்யத்தான் போகிறோம். பிரதேச செயலகங்களில் முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். நம்மில் எத்தனை பேருக்கு அப்படி ஓர் உத்தியோகத்தர் இருப்பது தெரியும்? கை தூக்கச் சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள்.

ஒம்புட்ஸ்மனும் நமக்கு இருக்கிறார். நிருவாகத்துக்கான பாராளுமன்ற ஆணையாளர் என்பது அவருடைய முழுப்பெயர். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 156ஆம் உறுப்புரையும் 1981ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டமும் அந்தப் பதவியை ஏற்படுத்தின. முன்பெல்லாம் பாராளுமன்ற உறுப்பினர் மூலமாகத்தான் அவரிடம் போக முடியும். 1994இல் சட்டத்தைத் திருத்தி, யாரும் நேரடியாக எழுதலாம் என்று ஆக்கினார்கள். ஆனால் அவர் பார்ப்பது அரசாங்க உத்தியோகத்தர்களின், அரச நிறுவனங்களின் செயல்களை. அரசாங்கம் நடத்தும் இல்லத்தில் இருப்பவர் அவருக்கு எழுதலாம். முதியோர் கொடுப்பனவு ஏன் நின்றது என்று எழுதலாம். நம்முடையதுபோல் ஒரு சங்கம் நடத்தும் இல்லத்தில் பெட்பேன் வரவில்லை என்பதற்கு அவரிடம் போக வழியில்லை. மனித உரிமைகள் ஆணைக்குழுவும் இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது, பதுளையிலேயே அதன் பிராந்திய அலுவலகம் உண்டு. அதுவும் பெரும்பாலும் அரச உத்தியோகத்தர்கள் அடிப்படை உரிமையை மீறும் விஷயங்களுக்குத்தான்.

சிறைச்சாலைகளுக்குக்கூட வெளியிலிருந்து போய்க் கைதிகளின் குறை கேட்க வருகையாளர் சபை என்று ஒன்று இருக்கிறது. நாம் நடத்தப்போகும் இல்லத்தில் நம் தாய்மாருக்கு அப்படி ஒருவரைச் சட்டம் தரவில்லை. ஆகவே நாமே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.

அது எப்படி என்பதற்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் கறாராகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், அந்த ஆள் இல்லத்தின் நிருவாகக் குழுவில் இருக்கக்கூடாது. குழுவில் உள்ளவரின் அக்கா, தங்கை, சம்பந்தியாகவும் இருக்கக்கூடாது. ஹாலிஎலவில் அப்படிச் சொந்தமில்லாத ஒருத்தியைக் கண்டுபிடிப்பது கஷ்டம்தான். பண்டாரவளையிலிருந்தோ பசறையிலிருந்தோ ஒருத்தி வரட்டும், பஸ் காசைச் சங்கம் கொடுக்கட்டும். சம்பளம் இல்லம் கொடுக்கக்கூடாது. காசு கொடுக்கிறவர்களைக் குறை சொல்ல யாருக்கும் நா எழாது.

சொல்லாமல் வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வருவார் என்று தெரிந்தால் ஒன்பதரைக்குப் புதுப் படுக்கை விரிப்பு விரித்துவிடுவோம். நானே செய்திருக்கிறேன். சில நாள் இரவு ஏழு மணிக்கும் வரட்டும். வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பேச இடம் கொடுக்க வேண்டும்.

தமிழில் பேச வேண்டும். இது சின்ன விஷயம் போலத் தெரியும். ஊவாவில் பல இல்லங்களில் தமிழ் தெரிந்த ஊழியர் ஒருவரோ இருவரோதான். வயிற்றுவலிக்கும் நெஞ்சுவலிக்கும் வித்தியாசம் சொல்லத் தெரியாமல் கையைக் கையை ஆட்டிக்கொண்டிருந்த கிழவிகளை ஆஸ்பத்திரி வாட்டுகளில் எத்தனை பேரைப் பார்த்திருப்பேன்! அரசாங்க அலுவலகத்துக்குத் தமிழில் எழுதித் தமிழில் பதில் பெற அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை நமக்கு உரிமை தருகிறது. அந்த உரிமையைப் பற்றி அந்த அம்மாவுக்குச் சொல்லி, கடிதத்தையும் எழுதிக் கொடுக்க ஒரு கை வேண்டும்.

அடுத்தது எல்லாவற்றிலும் முக்கியம். கேட்டதை அந்த அம்மாவின் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக்கூடாது. அமெரிக்க ஒம்புட்ஸ்மன்மாரின் முதல் விதியே இதுதான். முறையிட்டவரின் பெயரை அவர் அனுமதிக்காமல் வெளியிடக்கூடாது. "நான் சொல்லிவிட்டேன், நீ ஒன்றும் செய்ய வேண்டாம்" என்று ஒருவர் சொன்னால், அதையும் மதிக்க வேண்டும். சில பேருக்குச் சொன்னாலே போதும். உயிருக்கு ஆபத்து, அடி, திருட்டு என்றால் வேறு. அப்போதும் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் பொலிசுக்குப் போக வேண்டும்.

இந்தச் சம்மத விஷயத்தில் என் சொந்தச் சின்னம்மாவின் கதை இருக்கிறது. அவரை ஒரு தனியார் இல்லத்தில் வைத்திருந்தோம். வங்கிப் புத்தகத்தைப் "பத்திரமாக இருக்கட்டும்" என்று இல்லத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். சின்னம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, கைநாட்டுத்தான். இரண்டு தடவை ஏதோ தாளில் கைநாட்டு வாங்கியிருக்கிறார்கள். எனக்கு விஷயம் தெரிந்து நான் ஆத்திரத்தோடு அலுவலகத்துக்குக் கிளம்பினேன். சின்னம்மா என் சேலையைப் பிடித்துக்கொண்டார். "சொல்லாத புள்ள, சோத்துல காட்டுவாங்க" என்றார். நான் கேட்கவில்லை. போய்ச் சத்தம் போட்டேன். புத்தகம் திரும்பி வந்தது. கணக்கில் குறைந்திருந்தது ஒன்பதாயிரம் ரூபா. ஆனால் அதற்குப் பிறகு சின்னம்மா என்னிடம் எதையும் சொல்வதை விட்டுவிட்டார். இறக்கும்வரை "நல்லாத்தான் இருக்கேன்" என்பது ஒன்றைத்தான் சொன்னார். பணத்தை மீட்டுக் கொடுத்தேன், அவர் பேச்சை இழந்தேன். இன்றைக்கு என்றால் முதலில் அவரை வேறு இடத்துக்கு மாற்ற ஏற்பாடு செய்துவிட்டு, பிறகு அவரையே கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போயிருப்பேன்.

வெளிநாட்டில் இருக்கும் தங்கைமாருக்கு ஒரு வார்த்தை. இல்லத்துக்குக் காசு கட்டுகிறவர் நீங்கள். தொலைபேசியில் பேசுகிறவர் நீங்கள். இல்லத்துக்காரர்களும் உங்களைத்தான் திருப்திப்படுத்தப் பார்ப்பார்கள். வட்ஸ்அப்பில் பூ வைத்த கூந்தலோடு அம்மாவின் படம் வரும். ஆனால் இந்த வருகையாளர் உங்களுடைய ஆள் இல்லை, உங்கள் அம்மாவின் ஆள். இரண்டும் ஒன்றுதானே என்று நினைக்க வேண்டாம். ஒரு மகள் லண்டனிலிருந்து கண்டிப்பாகச் சொல்லியிருந்தார், அம்மாவுக்கு நீரிழிவு, ஒரு துண்டு இனிப்புக்கூடக் கொடுக்கக்கூடாது என்று. அம்மாவுக்கு எண்பத்தாறு வயது. காலையில் வெறும் தேத்தண்ணிக்கு ஒரு கடி கருப்பட்டி வேண்டும், அவ்வளவுதான் கேட்டார். தாதியாக எனக்கு மகள் சொல்வது சரி. ஆனால் அந்த அம்மா புத்தி தெளிவாக இருந்தவர், தன் ஆசை என்ன, அதனால் என்ன வரும் என்று தெரிந்து கேட்டவர். அவருக்காகப் பேச அங்கே ஒருவரும் இருக்கவில்லை. நான் மகளின் பக்கம் நின்றேன். இப்போது நினைத்தால் டொக்டரிடம் கேட்டு ஒரு சின்னத் துண்டுக்கு வழி செய்திருக்கலாம்.

பேச முடியாதவர்கள், நினைவு தப்பியவர்கள் விஷயம் இன்னும் கடினம். அங்கே கண்தான் காது. எடை குறைகிறதா, உதடு காய்ந்திருக்கிறதா, முதுகில் படுக்கைப் புண் இருக்கிறதா, ஒருவர் பக்கத்தில் வந்தால் உடம்பு சுருங்குகிறதா என்று பார்க்கத் தெரிந்தவர் வேண்டும். வருகையாளராக வருபவருக்கு இரண்டு மூன்று நாள் பயிற்சி கொடுக்க நான் தயார். சங்கத்தில் தாதிகள் மட்டும் பதினொரு பேர் இருக்கிறோம்.

இல்லத்தின் பக்கமும் பேச வேண்டும். முறைப்பாடு வந்தால் யாரோ ஒருவரின் வேலை போகும் என்ற பயம் இருந்தால் ஊழியர்கள் எல்லாவற்றையும் மூடிமறைப்பார்கள். ஆகவே வருகையாளர் முதலில் மேட்ரனிடம்தான் வர வேண்டும், பத்திரிகைக்காரரிடம் அல்ல. மேட்ரனுக்கு ஏழு நாள் கொடுக்கலாம். திருத்தினால் அங்கேயே முடிந்தது. இல்லாவிட்டால் குழுவுக்கு. குழுவும் அசையாவிட்டால் பிரதேச செயலகத்து முதியோர் உத்தியோகத்தரிடம். இந்த வழியை இல்லம் திறக்கும் முதல் நாளே எழுதிக் கையெழுத்து வைத்து, தமிழிலும் சிங்களத்திலும் பெரிய எழுத்தில் சாப்பாட்டு அறையில் மாட்ட வேண்டும். எழுத்துத் தெரியாதவர்களுக்கு மாதம் ஒரு தடவை வாசித்துச் சொல்ல வேண்டும். வருகையாளர் எழுதும் கொப்பியைச் சங்கச் செயலாளர் வைத்திருக்க வேண்டும், இல்லத்தின் அலுமாரியில் அல்ல.

இல்லத்தில் இருப்பவர்களும் மாதம் ஒரு தடவை ஊழியர் இல்லாமல் கூடிப் பேசட்டும். நான் இருந்த இல்லத்தில் அந்த ஆசிரியை வந்த பிறகு அதையும் தொடங்கினோம். முதல் கூட்டத்தில் பெரிய பெரிய குற்றச்சாட்டுகள் வரும் என்று வயிற்றைக் கலக்கியது. வந்தது ஒன்றுதான். கிழக்குப் பக்கத்துக் கட்டில்காரர் அதிகாலையில் பக்திப்பாட்டு வைக்கும்போது வானொலிச் சத்தத்தைக் குறைக்க வேண்டும். மூன்றாவது கூட்டத்தில்தான், குளிக்க வைக்கும்போது கதவைச் சாத்தச் சொன்னார்கள். அதைச் சொல்ல அவர்களுக்கு மூன்று மாதம் தேவைப்பட்டிருக்கிறது.

"இவ்வளவும் செய்தால் நல்ல மேட்ரன் யார் வருவார்?" என்று நேற்று ஒரு தோழி கேட்டார். நியாயமான கேள்வி. வேலைக்கு ஆள் எடுக்கும் நேர்முகத்திலேயே இதைச் சொல்லிவிடுவோம். முகம் சுளிக்கிறவர் வேண்டாம். என்னை அப்போது கேட்டிருந்தால் நானும் முகம் சுளித்திருப்பேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

வரும் மாதப் பொதுக்கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவரப் போகிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். வருகையாளராக வர விரும்புகிறவர்கள், அதிலும் சிங்களமும் எழுதத் தெரிந்தவர்கள், இன்று போவதற்கு முன் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் மலரைப் படித்துவிட்டு எழுதுங்கள். எதிர்த்து எழுதினாலும் சரி.

கடைசியாக அந்த வரைபடம். வாசல் பக்கத்தில் "விருந்தினர் அறை" என்று ஒன்று குறித்திருக்கிறார்கள். தனியாகப் பேசுவதற்கு நான் நினைத்திருக்கும் இடம் அதுதான். ஆனால் அதன் கதவு மேட்ரனின் மேசைக்கு நேரே திறக்கிறது. யார் போகிறார், யார் வருகிறார், எவ்வளவு நேரம் இருந்தார் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். கதவைத் தோட்டத்துப் பக்கம் மாற்றி வைக்கச் சொல்லிக் கட்டடக் குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. குழுத் தலைவி மூன்றாவது வரிசையில்தான் இருக்கிறார். தேநீர் நேரத்தில் பிடித்துக்கொள்கிறேன்.